ஆட்களின் நிறை

கிளடிஸ் என்ற அந்த வெள்ளைக்கார மனுசி எங்களுக்கு வண்டியில் பூட்டி இழுக்கும் றெயிலரை விற்க அவசரப்படவில்லை. முதலில் உங்கள் றக்கின் புத்தகத்தைக் காட்டுங்கள், அது எவ்வளவு இழுக்கும் என்று பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார். காசோடு வந்த ஆட்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபமும் வரவில்லை.

பிக்கறிங் தாண்டி, அவருடைய வீட்டின் பின்புறப் புல்லில் றெயிலர் நின்றது. சில்லுப் பூட்டிய ஒரு சின்ன அறை, அவ்வளவுதான். உள்ளே முன்பக்கத்தில் இரண்டு படுக்கை, ஒரு காஸ் அடுப்பு, முகம் கழுவும் தொட்டி. பின்பக்கம் வெறும் இடம். பின்சுவர் முழுவதும் ஒரே கதவு. அதைக் கீழே சாய்த்தால் நிலத்தைத் தொடும், அதன்மேல் மோட்டார் சைக்கிளை உருட்டி உள்ளே ஏற்றலாம். காலஞ்சென்ற அவருடைய புருசன் இதில்தான் பனியில் ஓடும் வண்டியை ஏற்றிக்கொண்டு வடக்கே போவாராம்.

"நீங்கள் என்ன ஏற்றப் போகிறீர்கள்?" என்று கேட்டார்.

"டேர்ட் பைக்," என்றார் என் கணவர் தியாகலிங்கம்.

"யார் ஓடுவது?"

"மை சன்."

"எத்தனை வயது?"

"நைன்ரீன்."

எல்லாம் பிழையில்லாத பதில்தான். அந்த மகன் விதுர்சன் மார்ச் மாதமே செத்துப்போனான் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எங்கள் மகள் தனுசியா றெயிலரின் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

விது ஒரு காலை எழும்பவில்லை. இதயத்தில் பிறவியிலிருந்தே ஏதோ கோளாறு இருந்ததாம். அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. முந்தின நாள் இரவு என்னிடம் புட்டு வாங்கித் தின்றவன். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் நோகவில்லை. சொன்னால் ஆட்கள் நம்பமாட்டார்கள். பல்லுப் பிடுங்க ஊசி போட்ட வாய் இருக்குமே, அந்த மாதிரி முழுஉடம்பும் இருந்தது. வேலைக்குப் போனேன், சமைத்தேன், செத்தவீட்டுக்கு வந்தவர்கள் கொண்டுவந்த ரோல்ஸ் பெட்டிகளைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

அந்தப் பைக் அவன் சனி ஞாயிறு வேலைசெய்து வாங்கியது. என் கணவர் வேண்டாம் என்று நின்றார், பிறகு தம்பி என்று தான் கூப்பிடும் பிள்ளையின் முகத்துக்காக இறங்கி வந்தார். ஓகஸ்ட் லோங் வீக்கெண்டுக்குப் பரி என்ற ஊர் தாண்டி விடுமுறைக்குத் தங்கும் ஒரு முகாமுக்குப் போவது, பக்கத்துக் காட்டுப் பாதையில் அவன் ஓடுவது, நாங்கள் மரத்தடியில் இருந்து பார்ப்பது என்று தைமாதமே பேசி இடமும் பதிந்தாகிவிட்டது. மே மாதத்தில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இருந்தபடி, "இடம் பதிஞ்சு கிடக்கு. ஒரு றெயிலர் பாக்கவேணும்," என்றார். அவர் சொன்ன காரணம் அது ஒன்றுதான். அங்கே போய் அந்தப் பைக்கை என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. மிச்சம் இருந்த எங்கள் ஒருவருக்கும் அதை ஓடத் தெரியாது.

கிளடிஸ் எங்கள் றக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சின்ன றக். முன்னுக்கு இரண்டு பேர் இருக்கலாம், பின்னுக்கு இரண்டு ஒடுங்கிய சீற். விதுவுக்கு நெடிய கால்கள். தகப்பனுக்குப் பின்னால் இருந்தால் முழங்கால் அவருடைய முதுகில் இடிக்கும். அவன் ஏறிவிட்டால் இவர் ஒன்றும் பேசாமல் தன் சீற்றை முன்னுக்குத் தள்ளிவிட்டு, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி ஓடுவார்.

"இழுக்கிறது பெரிய விசயம் இல்லை," என்று கிளடிஸ் சொன்னார். "இழுத்துக்கொண்டு போனதை நிறுத்தவேண்டும். அதுதான் விசயம்." பிறகு கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். றக், றெயிலர், அதற்குள் ஏற்றும் சாமான், றக்கில் இருக்கும் ஆட்கள் எல்லாம் சேர்த்து ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டக்கூடாது. பாரத்தை முன்பக்கமாக ஏற்றவேண்டும். பாரம் கூடி, அதுவும் பின்பக்கம் கனத்தால், இறக்கத்தில் றெயிலர் வாலை ஆட்டத் தொடங்கும். பிறகு றக்கையும் சேர்த்து ஆட்டும். 400 ஹைவேயில் அப்படி ஒரு குடும்பம் பிரண்டதைத் தன் கண்ணால் கண்டாராம். பின்சீற்றில் இருந்த பிள்ளைதான் போனதாம்.

எனக்குப் பயம் வந்தது. மார்ச் மாதத்துக்குப் பிறகு வந்த முதல் உணர்ச்சி. பரவாயில்லை, இதையாவது வைத்துக்கொள்ளுவம் என்று நினைத்தேன்.

"எல்லாவற்றையும் நிறுங்கள்," என்றார் கிளடிஸ். "குளியலறைத் தராசு போதும். பாத்திரம், தண்ணீர், ஆட்கள். நாய் இருந்தால் நாயையும்."

அதை வாங்கி இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியில், மணலும் கல்லும் விற்கும் யார்ட் ஒன்றின் லொறித் தராசில் வெறும் றெயிலரை நிறுத்துப் பார்த்தோம். இவர் மனதுக்குள் கணக்குப் பார்த்துவிட்டு, "எங்களுக்கும் சாமானுக்கும் ஆயிரம் றாத்தல் இருக்கு. காணும்," என்றார்.

"இஞ்சேருங்கோ," என்றேன். "நிறை சரி வந்தாத்தான் தனு ஏறுவாள். ஒரு றாத்தல் கூடினாலும் நானும் பிள்ளையும் வரமாட்டம். நீங்கள் தனியப் போங்கோ."

"சரி," என்றார். பின்னால் தனு காதில் வோக்மனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். எனக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான். அதை அந்தப் பின்சீற்றில் ஏற்றுவதா இல்லையா என்பதைத் தவிர, அந்தக் கோடை முழுவதும் நான் வேறொன்றையும் யோசிக்கவில்லை.

மோர்னிங்சைட்டில் எங்கள் ரவுண்ஹவுஸ் வீட்டு வாசலில் றெயிலர் வந்து நின்றதும் கதை பரவிவிட்டது. மிசிசாகாவிலிருந்து மாமாங்கம் அண்ணை வந்தார். என் கணவருடைய பெரியப்பா மகன். செத்தவீட்டில் முன்னுக்கு நின்று எல்லாம் செய்தவர். அந்த உரிமை அவருக்கு இருந்தது, அதை அவர் மறக்கவும் இல்லை.

"பிள்ளை செத்து ஒரு வருசமாகேல்லை, ஆட்டைத் திவசம் முடியேல்லை. கோயிலுக்கே போகேலாது. நீங்கள் காம்பிங் போறியளாம்," என்றார்.

"கோயிலுக்குப் போகேலாதெண்டுதான் காம்பிங் போறம் அண்ணை," என்றேன்.

அவர் தேத்தண்ணியைக் குடித்தார். நான் வாய்க்கு வாய் கொடுப்பவள் என்பது அவருக்குப் புதிதல்ல. போகும்போது வாசலில் நின்று, குரலைத் தணித்து இவரிடம் சொன்னார்: "போறதெண்டு நிண்டால் போங்கோ. ஆனா மூண்டு பேராப் போகாதேங்கோ. ஒரு கல்லெண்டாலும் தூக்கிக்கொண்டு போங்கோ."

மூன்று பேராக ஒரு பயணம் புறப்படக்கூடாது என்பது எங்கள் ஆட்களின் பழக்கம். நாலாவதுக்கு ஆள் இல்லாவிட்டால் வழியில் ஒரு கல்லை எடுத்துக்கொள்ளுவார்கள். கல்லும் ஒரு ஆள் கணக்கு. இவர் இதையெல்லாம் கணக்கெடுக்கிறவர் இல்லை. நாங்கள் திருகோணமலையை விட்டு வெளிக்கிட்ட நாளில் நான் ராகுகாலம் பார்த்ததற்கு, ஆமிக்காரனுக்கும் ராகுகாலம் இருக்கோ என்று கேட்ட மனுசன்.

"கல்லுக்கு இடமில்லை அண்ணை," என்றார். "நிறை மட்டுமட்டாத்தான் கிடக்கு."

இவருக்குப் பிறம்ரனில் ஒரு கிடங்கில் வேலை. பாரம் தூக்கும் வண்டி ஓடுகிறவர். எதை எங்கே வைத்தால் சரியும், எதை முதலில் இறக்கவேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. அதனால் நிறுக்கிற வேலையை அவரிடமே விட்டேன். கணக்கு அவருடைய வேலை, பயப்படுவது என்னுடைய வேலை.

புறப்படுகிற கிழமை முழுவதும் நிறுத்தோம். பெரிய பெட்டிகளைத் தராசில் வைத்தால் அவை முள்ளை மறைத்துவிடும். ஆகவே இவர் பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி தராசில் ஏறி நிற்பார். தனு பாத்றூம் நிலத்தில் சப்பாணி கட்டியிருந்து முள்ளைப் பார்த்துச் சொல்லுவாள். இவர் தன்னுடைய நிறையைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்லுவார். அவருடைய நிறை நூற்றி எழுபத்திரண்டு. வருசப்பிறப்புக்குப் பிறகு கொம்பனியில் செய்த மருத்துவச் சோதனையில் நிறுத்தது. நல்ல நிறை என்று டொக்டர் சொன்னதாக அப்போது வந்து சொன்னவர்.

சட்டி பானை ஒரு பெட்டி, தண்ணீர் ஒரு பெட்டி, போர்வை ஒரு பெட்டி என்று ஆறு பெட்டி. "இருபத்தெட்டு," என்பார். "முப்பது," என்பார். நாங்கள் மூவரும் அந்த வேலையை அமைதியாகச் செய்தோம். யாரும் பார்த்தால் சந்தோசமான குடும்பம் என்று நினைத்திருப்பார்கள். பெட்டியைத் தூக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. ஐம்பது வயதாகப் போகிறது, வாங்கும்தானே என்று விட்டுவிட்டேன்.

"ஆட்களுக்கு ஐந்நூற்றி எண்பது," என்றார் கடைசியாக. "பைக் இருநூற்றி முப்பது. பெட்டியள் நூற்றி அறுபது. சரி." நான் கூட்டிப் பார்த்தேன், எல்லைக்குள் இருந்தது. ஆட்களின் தொகையைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை பைக்கை உருட்டி ஏற்றி, நாலு பக்கமும் பட்டி போட்டு இறுக்கினார். பெட்டிகள் முன்பக்கம் போயின. எல்லாம் ஏற்றி முடிந்த பிறகுதான் எனக்கு அரிசி நினைவுக்கு வந்தது. கடையில் வாங்கிய புதுச் சாக்கு குசினியில் அப்படியே கிடந்தது.

"சாக்கோட வைப்பம்," என்றேன். "இருபது றாத்தல்."

"நிறுத்துப்போட்டு வைப்பம்."

"சாக்கிலேயே போட்டிருக்கு."

"எல்லாத்தையும் நிறுத்தனாங்கள்," என்றார். "இதையும் நிறுப்பம்."

விவாதிக்க எனக்குத் தெம்பில்லை. சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டு தராசில் ஏறினார். தனு குனிந்து பார்த்தாள்.

"ஒன் சிக்ஸ்ரி சிக்ஸ்."

இவர் கழிக்கத் தொடங்கி நின்றுவிட்டார். "வடிவாப் பார்."

"வடிவாத்தான் பாத்தனான் அப்பா. ஒன் சிக்ஸ்ரி சிக்ஸ்."

நூற்றி அறுபத்தாறிலிருந்து நூற்றி எழுபத்திரண்டைக் கழிக்கமுடியாது. அரிசிச் சாக்கைத் தூக்கி வைத்திருக்கிற ஒரு மனுசன் வெறும் மனுசனைவிடக் குறைவாக நிறுக்கமுடியாது.

"மெசின் பழுது," என்றார்.

தனு ஏறி நின்றாள். நூற்றிப் பதினெட்டு, பள்ளிக்கூடத்தில் நிறுத்ததும் அதுதான். நான் ஏறினேன். நூற்றி நாற்பது, எப்போதும்போல. பிள்ளையைப் பறிகொடுத்த எனக்கு ஒரு றாத்தல்கூடக் குறையவில்லை. நான் ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கிறேன் என்று அந்த முள் சொன்னது. என்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது.

"சாக்கை வைச்சிட்டு நீங்கள் ஏறுங்கோ," என்றேன்.

அவர் ஏறினார். முள் ஆடி நின்றது. நூற்றி நாற்பத்தாறு.

நான் அவருடைய இடுப்பைப் பார்த்தேன். பெல்ற்றில் ஆணியால் குத்திய புது ஓட்டை ஒன்று இருந்தது, அதையும் தாண்டி இன்னொன்றும் இருந்தது. அந்தக் காற்சட்டையைக் கிழமைக்குக் கிழமை தோய்த்தவள் நான். அவருக்குக் கோப்பையில் சோறு போட்டு வைப்பேன். பிறகு வெறும் கோப்பையைக் கழுவி வைப்பேன். சோறு எங்கே போனது என்று பார்க்கவில்லை. அந்த வீட்டில் ஒருவரை ஒருவர் பார்ப்பதை நாங்கள் எல்லோரும் நிறுத்தியிருந்தோம்.

"அப்ப பெட்டியள் எல்லாம் பிழை," என்றார் இவர். வேறு ஆரோ செய்த பிழையைச் சொல்வதுபோல இருந்தது. "ஒவ்வொண்டும் இருபத்தாறு றாத்தல் கூட."

தராசிலிருந்து இறங்காமலே கணக்குப் பார்த்தார். இந்த முறை வாய்விட்டுக் கூட்டினார். "பெட்டியள் முந்நூற்றிப் பதினாறு. அரிசி இருபது. பைக் இருநூற்றி முப்பது. நான் நூற்றி நாற்பத்தாறு. நீ நூற்றி நாற்பது. தனு நூற்றிப் பதினெட்டு. தம்பி நூற்றி ஐம்பது." நிறுத்தினார். "நூற்றி இருபது கூடிப்போச்சு."

தனு என்னைப் பார்த்தாள். நான் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"பெட்டியள் மூண்டை இறக்குவம்," என்றார் இவர். "தண்ணி அங்க எடுக்கலாம். சட்டி பானை வேண்டாம். பாணும் பட்டரும் காணும்."

"அப்பா," என்றாள் தனு. மிக மெதுவாகச் சொன்னாள். "வீ ஆர் த்ரீ."

அவர் அவளைப் பார்க்கவில்லை. தன் காலுக்கிடையில் இருந்த முள்ளைப் பார்த்தார். விதுவைக் கழித்தால் எல்லாம் சரிவரும் என்பது எனக்குத் தெரிந்தது. பெட்டி ஒன்றையும் இறக்கத் தேவையில்லை. முப்பது றாத்தல் மிச்சமும் இருக்கும். கணக்குத் தெரிந்த அந்த மனுசனுக்கும் அது தெரியும். அவர் முள்ளைப் பார்த்தபடியே நின்றார்.

"மூண்டு பேராப் போறேல்லை," என்றார்.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் அதுவரை கேட்டதில்லை. மாமாங்கம் அண்ணை கேட்டிருந்தால் சந்தோசப்பட்டிருப்பார். எனக்கு நெஞ்சுக்குள் எங்கேயோ ஊசி மருந்தின் விறைப்பு விட்டுப்போனது. நோகத் தொடங்கியது.

வெளியே போனேன். எங்கள் வாசல் பூப்பாத்தியின் ஓரத்தில் கல் அடுக்கியிருந்தோம். இரண்டு கையாலும் பிடிக்கக்கூடிய ஒரு கல்லைத் தேர்ந்து, குழாயில் மண்ணைக் கழுவினேன். சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு மேலே வந்தேன். அவர் இன்னும் தராசிலேயே நின்றார். கல்லை அவருடைய கையில் கொடுத்தேன்.

"இதை நிறுங்கோ," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். மார்ச் மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தார். கன்னம் இரண்டும் ஒட்டிப்போயிருந்ததை நானும் அப்போதுதான் கண்டேன்.

தனு கண்ணைத் துடைத்துவிட்டுக் குனிந்தாள். "ஒன் ஃபிஃப்ரி ஃபைவ்."

"ஒன்பது," என்றார். கல்லைக் குனிந்து பார்த்துவிட்டு இன்னொரு தரம் சொன்னார். "தம்பி ஒன்பது."

விது பிறந்தபோது அதைவிடக் குறைவாகத்தான் இருந்தான். அதை நான் சொல்லவில்லை. தராசிலிருந்து இறங்குவதற்கு அவருடைய முழங்கையைப் பிடித்தேன். எலும்புதான் கையில் அகப்பட்டது.

"போற வழியில எங்கையாவது நிப்பாட்டிச் சாப்பிடவேணும்," என்றேன். "நான் பாத்துக்கொண்டிருப்பன்."

"ஓம்," என்றார்.

நூற்றி ஐம்பதுக்குப் பதில் ஒன்பதைப் போட்டுக் கணக்கை நானே ஒருமுறை கூட்டிப் பார்த்தேன். எல்லைக்குள் இருந்தது. அரிசிச் சாக்கை றெயிலரின் முன்பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினேன். பிறகு தனுவை றக்கில் ஏறச் சொன்னேன். அவள் எனக்குப் பின்னால் இருந்த சீற்றில் ஏறினாள்.

இவர் கல்லைக் கொண்டுவந்து மற்றச் சீற்றில், தனக்குப் பின்னால் வைத்தார். உருளாமல் ஒரு துவாயை அண்டை கொடுத்தார். ஏறியிருந்து கதவைச் சாத்திவிட்டு, கையைக் கீழே விட்டு, தன் சீற்றை முன்னுக்குத் தள்ளினார். ஸ்டியரிங் அவருடைய நெஞ்சில் முட்டுமளவுக்கு வந்தது. மெதுவாகப் பிரேக்கை எடுத்தார், பின்னால் றெயிலர் அசைந்து வந்தது.